வலக்கை மட்டும்

சுங்கச்சாவடியில் எனக்கு ஏழாம் கூண்டு,
கிருஷ்ணகிரி தாண்டி பெங்களூர் போகிற பக்கம்.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு.
கண்ணாடிக்கு உள்ளே நான்,
கண்ணாடிக்கு வெளியே என் வலக்கை.

மார்கழியில் அணைப்பக்கமிருந்து வருகிற பனிக்கு
முழு ஆள் வேண்டியதில்லை,
நீட்டியிருக்கிற ஒன்று போதும்.
மூன்று மணிக்கு மேல் சில்லறை
விரலில் தங்கியதா தரையில் விழுந்ததா
சத்தம் கேட்டுத்தான் தெரியும்.

கடையில் விற்கிற கையுறை மாட்டிப் பார்த்தேன்.
இரண்டு நூறு ரூபாய் ஒட்டிக்கொண்டு போனதில்
ஒரு நூறு என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அதற்கப்புறம்தான் இது:
விரல்கள் வெளியே, முழங்கை வரை கம்பளி.
பழையபேட்டையில் நூல் உருண்டை ஐம்பது ரூபாய்.
ஊசிக்கு, சைக்கிள் சக்கரத்துக் கம்பி நாலு.
லேத்துப் பட்டறையில் இரண்டு முனையும் தேய்க்கக் கொடுத்தேன்.
எதுக்கும்மா என்றான்.
குத்துறதுக்கு என்றேன்.
மேற்கொண்டு கேட்கவில்லை.

போனில் ஒருத்தி பின்னிக் காட்டினாள்.
எந்த மலைநாட்டுக்காரியோ, ஒரு சொல் புரியவில்லை.
சத்தத்தை அணைத்த பிறகு
கை நன்றாகப் புரிந்தது.

நாற்பத்துநாலு கண்ணி, வட்டமாய்.
இரண்டு முன்னால், இரண்டு பின்னால்,
நாமக்கல் முட்டை லாரி, நூற்றிருபது மீதி,
இரண்டு முன்னால்,
சென்னையிலிருந்து கன்டெய்னர், தூங்கி வழிகிற கிளீனர்,
இரண்டு... எங்கே விட்டேன்?
அவிழ்த்து மறுபடி.
கட்டைவிரலுக்குச் சந்து விடுகிற இடத்தில்
வண்டி வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன்.
அது எந்தப் பக்கம் விழுகிறதோ அதை வைத்துத்தான்
வலது வலதாகும்.

முடித்ததும் எட்டாம் கூண்டு தில்ஷாத் கேட்டாள்,
இன்னொண்ணு எங்கே?
இன்னொண்ணு எதுக்கு?
இடக்கை உள்ளேதானே கிடக்கு,
ரசீது மெஷின் சூட்டில், மகாராணி கணக்கா.

அவளுக்கும் ஒரு வலது போட்டேன், நீலம்.
முனிலட்சுமிக்குப் பச்சை.
சூப்பர்வைசர் சென்னகேசவன்
சீருடையில் இது சேராது என்றார்.
நாலு நாள் கழித்து வந்து
தன் வலக்கையை என் மேசைமேல் வைத்தார்,
அளவெடுக்க,
வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

முட்டை லாரி செங்கோடன் சிரித்தான்.
எங்களுக்கும் ஒரு கைதாங்க வெளியே.
கியர் போடுற கைக்கு இன்ஜின் சூடு இருக்கு.
அவனுக்கு ஐம்பத்திரண்டு கண்ணி வேண்டியிருந்தது.
பதிலுக்கு ஒரு அட்டை முட்டை.
அதில் மூன்று விரிசல்.

பிறகு ஸ்டிக்கர் வந்துவிட்டது.
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
யாரும் யாருக்கும் கை நீட்டாமல் போகிறார்கள்.
குளிருக்கென்று ஆரம்பித்தவள்
சித்திரை வெயிலிலும் பின்னிக்கொண்டிருக்கிறேன்,
மடியில் வைத்து, கேமராவுக்குக் கீழே.
பையில் பதினொரு வலது இருக்கிறது.
எதுக்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.
நான் என்ன சொல்ல, கணக்கு முடிகிற மாதிரி
ஒன்றாவது என் கையில் முடிகிறதே.

போன வாரம் ஒரு இடது போட்டுப் பார்த்தேன்.
மூன்று தடவை பழக்கதோஷம், வலதாகவே வந்தது.
நாலாவதில் வழிக்கு வந்தது.
மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால்
சும்மா இருக்கிற கைக்கு வேர்த்தது.
கழற்றிக் கல்லாமேல் வைத்தேன்.

விடிய ஒரு மணி நேரம் இருக்கும்.
வெள்ளைக் கார், ஸ்டிக்கர் படிக்கவில்லை,
இரண்டு மடங்கு கட்டணும் என்றேன்.
தனியாக வந்த பெண், சண்டை போடவில்லை.
உடம்பைத் திருப்பி இடக்கையால் நீட்டினாள்.
மன்னிச்சுக்குங்க, எனக்கு இந்தக் கைதான் பழக்கம்.
நோட்டு நடுங்கியது.

ரசீதோடு சேர்த்து அதையும் கொடுத்தேன்.
ஏதோ படிவம் என்று நினைத்திருப்பாள்,
பார்க்காமல் பக்கத்து சீட்டில் போட்டுக்கொண்டு
கட்டை உயர்ந்ததும் போய்விட்டாள்.

மாட்டினாளோ, அதை வைத்துக் கண்ணாடி துடைத்தாளோ.
ஓசூர் வரைக்கும் பனிதான்.