மிச்சம்

டச்சுக்குடாவைப் பார்க்கும் மொட்டைமாடியில்
கமராவைக் கட்டியது இஃபாஸ்,
உடுப்புக் காயப்போடும் கயிற்றால்.
காற்று வரும்போதெல்லாம்
கோட்டை ஆடுகிறது.

முதல் வேலை,
கோட்டை ஆடவில்லை என்று நிரலுக்குச் சொல்வது.
முழுப் படமும் ஒருபக்கம் சாய்ந்தால்
குற்றம் உலகத்தினதல்ல, கயிற்றினது.
எல்லாக் கட்டத்துக்கும் ஒரே அம்பு போதும்.

பிறகு வள்ளம்.
போன பிரேமில் இருந்ததை வெட்டி
ஐந்து புள்ளி கிழக்கே ஒட்டினால்
இந்தப் பிரேமின் வள்ளம்.
அநேகமாக.
வள்ளம் முழுப் புள்ளியாக நகர்வதில்லை.
அரைப் புள்ளி, காற்புள்ளி.
இலக்கண ரீச்சருக்கு அது மூச்சுவிடும் இடம்,
எங்களுக்கு நிஜமாகவே
ஒரு புள்ளியின் கால்வாசி.

முகில் கடந்தால்
வள்ளம் நின்ற இடத்திலேயே கறுக்கிறது.
ஓடிவிட்டதென்று நினைத்து நிரல்
கரைவரை போய்த் தேடுகிறது.
வெளிச்சத்துக்கு ஓர் எண்ணைப் பெருக்கிக் கொடுத்தோம்,
அடங்கியது.
அலை மட்டும் அடங்கவில்லை.
எங்கிருந்து வந்தாய் என்றால் பத்து இடம் காட்டுகிறது,
பத்தும் பொய்.

கோட்டை வாசலில் மானைத் தனியே பிடித்தோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் பிரேம்வரை அது கல்.
'அப்படியே' என்ற ஒரு சொல்லைத் தவிர
அனுப்ப எதுவுமில்லை.
அடுத்த பிரேமில் யாரோ
வாழைப்பழப் பையைக் கசக்கினார்கள்.
வரைபடம் பனை உயரத்துக்கு எழுந்தது.

வரப்போவதையும் பார்த்துவிட்டு
நடுவில் உள்ளதை ஊகிக்கலாம்தான்.
அதற்கு நாளையை முதலில் அனுப்ப வேண்டும்.
நேரலைக்கு அது சரிவராது,
படகு இடித்த பிறகு
இடிக்கப்போகிறதென்று சொல்லி என்ன?

ஒரு விதியில் மட்டும் கைவைக்க முடியாது:
அனுப்புகிறவரும் பெறுகிறவரும்
ஒரே நேற்றை வைத்திருக்க வேண்டும்.
ஒரு பக்கத்தில் ஒரு பிரேம் தவறினாலும்
அதன்மேல் ஊகித்ததெல்லாம் கோணும்,
முகங்கள் தண்ணீராய் வழியும்,
அடுத்த முழுப்படம் வரும்வரை.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
கிண்ணியா பஸ் விலகியபோது
அதன் பின்னால் ஒரு மனுஷி, குடையோடு.
எந்தப் பழைய பிரேமிலும் அவள் இல்லை.
எதைக் கொண்டு ஊகிப்பது?
குடைக்கம்பி முதல் செருப்பு வார்வரை
புதிதாக எழுதினோம்.

பின்னேரம்
மூன்று தசம் ஒரு வீதம் குறைந்திருந்தது.
இஃபாஸ் இரண்டு பிளேன்ரீ கொண்டுவந்தான்.
"மிச்சத்தப் போட்டுக் காட்டுங்க" என்றான்.

உண்மையிலிருந்து ஊகத்தைக் கழித்த படம்.
சரியாகச் சொன்னதெல்லாம் சாம்பல் நிறம்.
கோட்டை இல்லை, வானம் இல்லை,
வள்ளத்துக்கு மெல்லிய ஓரம் மட்டும்.
சாம்பலுக்கு நடுவே
முழுக் கடல்,
மானின் பின்னங்கால்,
குடை பிடித்த அந்த மனுஷி.

தேநீர் ஆறும்வரை பார்த்தான்.
"இதையா கொறைக்கிறம்?"

ஓம் என்றேன்.
கயிற்றை இறுக்க
மாடிக்கு ஏறினேன்.