பிசென் நாட்டில் வாழும்

மாதத்தின் மூன்றாம் செவ்வாய்.
அகிதா, அரசு அலுவலகத்தின் இரண்டாம் தளம்.
ஹீட்டர் ஓரம் ஈரக் குடைகள்.
போலீஸ் கொடுத்த சீட்டைப் பிடித்தபடி
துணியில் சுற்றிய வாள்களைத்
தூங்கும் பிள்ளைபோல் மடியில் கிடத்திப்
பதினோரு பேர்.
படிக்கட்டில் ஒரு பழம்பொருள் வியாபாரி
பல் குத்திக்கொண்டிருக்கிறான்.

என் வேலை சுருக்கமானது.
சம்மட்டியால் மடித்து மடித்து அடித்ததா,
ஆலையில் அறுத்தெடுத்ததா?
அடித்தது என்றால் கலை; பதிவுச்சீட்டோடு வீடு திரும்பும்.
அறுத்தது என்றால் ஆயுதம்; இங்கேயே துண்டாகும்.
யாரையாவது வெட்டியதா என்று
சட்டம் கேட்பதில்லை.
நானும்.

ஏழாம் எண், கிதாபயாஷி தொமே.
"அப்பாவுடையது. கூரை பிரித்தபோது கிடைத்தது" என்றாள்.
சற்றுப் பொறுத்து,
"கிடைக்கவில்லை. இருந்தது தெரியும்.
அந்தப் பலகைக்கு நேர் கீழே
அவர் ஒருநாளும் பாய் விரித்ததில்லை."

பழுப்புத் தோல் உறை.
கைப்பிடி முனையில் பித்தளைச் செர்ரிப்பூ.
இடுப்பு வாரில் மாட்ட ஒற்றை வளையம்.
பத்தில் ஒன்பது ஆலைச் சரக்கு,
பார்த்ததும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.
"அறுத்துவிடுவீர்கள்தானே?"
அவள் குரலில் பல் பிடுங்க வந்தவளின் அவசரம்.

மூங்கில் ஆணியைத் தட்டினேன்.
மணிக்கட்டில் குத்தினேன், இரண்டு தரம்.
கைப்பிடி கழன்றது.

ஆலைத் துரு செங்கல் நிறம்.
இது கத்தரிக்காய்த் தோல்:
கறுத்து, வழுவழுத்து,
நானூறு வருடம் யாரும் துடைக்காமல்
துடைக்காமலே பேணிய இருள்.
ஆணித் துளை இரண்டு.
ஒன்று பழையது.
இன்னொன்றின் விளிம்பு இன்னும் பிசிறு.
பட்டாளத்து அளவுக்கு
அடியைக் குறைத்திருக்கிறார்கள்.
குறைத்தவன் கை எழுத்தின் நடுவே போயிருக்கிறது.

விளக்கைச் சாய்த்து வாசித்தேன்:
'பிசென் நாட்டில் வாழும்'
அவ்வளவுதான்.
அதற்குக் கீழே இரும்பு இல்லை.
வாழும் யார்?
எச்சம் மட்டும் நிற்கிறது, பெயருக்காக வாய் திறந்து.

ஒரே உறையில் இரண்டு வாள் இராது என்பார்கள்.
இதில் இருந்தது.

"நல்ல வாள்" என்றேன்.
ஊரில் எவரிடமும் சொல்லத் துடிக்கும் வார்த்தை;
அவள் முகம் விழுந்தது.
"அறுக்க மாட்டீர்களா?"
"அறுக்கக் கூடாது."
"ஆலையில் செய்தது என்று எழுதிவிட்டால்?"
எழுதுகோலைக் கீழே வைத்தேன்.
எடுத்தேன்.

அடுத்த மேசையில் மியாகே
எட்டாம் எண்ணுக்குத் தலையாட்டி மறுத்துக்கொண்டிருந்தான்.
ஒனோதெரா கென்கிச்சி, ஆப்பிள் தோட்டக்காரர்.
அண்ணன் பயிற்சி முகாமிலேயே காய்ச்சலில் போனவன்;
வாளும் ஒரு ஜோடி கையுறையும் வீட்டுக்கு வந்தன.
காம்பில் ஆலை முத்திரை, வரிசை எண்,
உறையை விட்டு ஒருமுறையும் வெளிவராத கூர்.
"ஒரு காகிதத்தைக்கூட வெட்டியதில்லை ஐயா"
என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்,
அது ஏதோ சான்றிதழ் போல.

பிடி, உறை, காப்புத் தகடு:
இவற்றைத் திருப்பித் தரலாம்.
தந்தார்கள்.
அலகு பின்னறைக்குப் போனது.
அறுக்கும் சத்தம் நீளமாக வரும்.
அன்று குறைவாகவே கேட்டது,
அல்லது நான் அந்நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நீளம், அறுபத்தாறு சென்டிமீட்டர் நான்கு மில்லி.
வளைவு, ஒன்று புள்ளி ஐந்து.
துளை, இரண்டு.
பொறிப்பு, உள்ளபடி.
விலைக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
படிக்கட்டில் இருப்பவனிடம் இருக்கிறது.

கட்டணம் செலுத்தினாள்.
இறங்கும்போது அவன் எழுந்து ஏதோ சொன்னான்,
விரல்களைக் காட்டினான்.
அவள் நிற்கவில்லை.

ஜன்னலில் பார்த்தேன்.
பேருந்து நிறுத்தத்தில் பனி.
பெஞ்சின் ஒரு முனையில் அவள், வாளோடு.
மறுமுனையில் அவர், வெற்று உறையோடு.
நடுவில் மூன்றாவது ஆள் உட்காரும் இடம்.
அவர் ஏதோ கேட்டார்.
அவள் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கி,
பாதியில் நிறுத்தி,
குடையை அவர் பக்கம் சாய்த்தாள்.

"எட்டு முடிந்தது, ஒன்பது" என்றான் மியாகே.