ஒரே உயரம்

மூன்று நாற்பதுக்கு
பத்துமலைப் பாறை காணாமல் போனது.
பிறகு செலாயாங் அடுக்குமாடிகள்,
ஈரத்துணியால் யாரோ
கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே வருவதுபோல.

தங்கை லோகேஸ்வரி போன் செய்தாள்.
“இங்க கொட்டுது, துணிய எடு.”
அவள் குரலுக்குப் பின்னால் தகரக்கூரை இரைந்தது.
அவளுடைய மழை என் காதுக்கு வந்துவிட்டது,
கைக்கு இன்னும் வரவில்லை.

துணியை எடுத்தேன்.
மோடத்தின் வயரைப் பிடுங்கினேன்.
போன தீபாவளிக்கு ஒன்று கருகி,
மாற்றித் தரப் பதினொரு நாள் ஆக்கினார்கள்.
டிவி, ரைஸ் குக்கர், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு
ஜன்னலுக்கு வந்தால்
அவன் இன்னும் இறங்கவில்லை.

எதிரே எழும்பும் கொண்டோவின் கிரேனில்
கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவன்.
கட்டடம் வளர வளர அவனும் ஏறி வந்து
இப்போது என் பதினேழாம் மாடிக்கு நேராக இருக்கிறான்.
அடுத்த மாதம் என்னைத் தாண்டிவிடுவான்.
பெயர் தெரியாது, நாடும் தெரியாது.
நான் பசியாறும் நேரம்
அவனும் சிவப்பு டப்பாவைத் திறப்பான்.
ஒருமுறை கையசைத்தேன்.
கண்ணாடி துடைக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

மின்னல்.
ஒன்று, இரண்டு, மூன்று… பதினொன்றில்
லோரியிலிருந்து பலகை சரிந்ததுபோல் இடி.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கவலையில்லை.
மோட்டார்சைக்கிளை ஓரங்கட்டி
ஏதோ பாலத்தடியில் நிற்பார்.
அங்கே கூட்டம் இருக்கும்,
யாராவது சிகரெட் நீட்டுவார்கள்.

இவன் கொக்கியிலோ
ஒரு கட்டுக் கம்பி அந்தரத்தில் சுழல்கிறது.
அதைத் தரையில் வைக்காமல்
கூண்டை விட்டு வர முடியாது போலிருக்கிறது.
கீழே மஞ்சள் தொப்பிகள் ஓடுகின்றன.
காற்று
சூடான தார் வாசனையோடு உள்ளே வந்து
காலண்டரைப் புரட்டுகிறது.

மின்னல். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
“எறங்குப்பா” என்றேன், சத்தமாகவே,
ஆளில்லாத வீட்டில்.

கம்பி தரை தொட்டது.
கூண்டுக் கதவு திறந்து
ஆரஞ்சுச் சட்டை ஒன்று
கோபுரத்தின் கம்பிக்கூட்டுக்குள் நுழைந்தது.
ஒரு படி. நின்றது. ஒரு படி.
மேலே, பூட்டவிழ்ந்த கிரேனின் கை
காற்று சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது.
முதலில் அதன் நுனியை மழை எடுத்தது,
பிறகு கூண்டை.
அவன் பாதி தூரம் வந்திருப்பான்,
என் கண்ணாடியும் போய்விட்டது.

வெள்ளை. வெறும் வெள்ளை.
மின்னலும் இடியும் ஒன்றாக விழுகின்றன,
நடுவில் எண்ண இடமில்லை.
நான் படிகளை எண்ணினேன்.
மிச்சம் எத்தனை என்று தெரியாததால்
தாராளமாக முந்நூறு வரைக்கும்,
நடுவில் அவன் மூச்சு வாங்க
இரண்டு இடத்தில் நிறுத்தி.

முந்நூறானதும்
தேத்தண்ணிக்குக் கெட்டிலைத் தட்டிவிட்டு நின்றேன்.
வெகுநேரம் நின்றேன்.
பிடுங்கி வைத்தது ஞாபகமில்லை.