விழாத வேகம்

மார்ச் ரோட்டில் பனி வழிக்கும் வண்டி
மூன்றாவது முறை போகிறது.
கனாட்டாவில் இந்நேரம் விழித்திருப்பது
அதுவும், இரண்டாம் மாடி ஆய்வகத்தில் நானும்,
ஹர்லீன் விட்டுப்போன பாதி மஃபினும்,
ஒரு கறுத்த இரும்புப் பெட்டியும்.

பெட்டிக்குள் ஆறு குடித்தனம்.
ஒரு ரவுட்டர், ஒரு ஃபயர்வால்,
அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் ஒன்று,
பேர் வைக்காத இன்னும் மூன்று.
முன்பெல்லாம் இவற்றுக்குத் தனித்தனி உடம்பிருந்தது,
தனி விசிறி, தனி இரைச்சல்.
இப்போது வெறும் நிரல்.
மொத்த வீடும் தனக்கென்று
ஒவ்வொன்றும் நம்பிக்கொண்டிருக்கிறது.
நம்பட்டும்.
வாடகைக்கு விட்டவர்கள் அப்படித்தான்
சொல்லி வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு தாங்குவாய் என்று கேட்பது என் வேலை.
அறுபத்துநான்கு பைட் பொட்டலம், இருப்பதில் சிறியது,
நொடிக்கு ஒரு கோடியே நாற்பத்தெட்டு லட்சம்.
அறுபது நொடி.
அனுப்பியதெல்லாம் வந்ததா?
வரவில்லை. பாதியாக்கு.
வந்தது. முக்காலாக்கு.
வரவில்லை. நடுவில் வை.
ஒன்று விழுந்தாலும் விழுந்ததுதான்,
கருணை மதிப்பெண் கிடையாது.

அறுபத்திரண்டரை சதவீதத்தில் வந்து நின்றது.
பத்து முறை ஓட்டினேன்.
ஏழு முறை சுத்தம்.
மூன்று முறை, ஐம்பத்தைந்து கோடியில்
இருநூற்றுச் சொச்சம் காணோம்.

இருநூற்றுப் பன்னிரண்டு எம்மாத்திரம்?
ஒரே அழைப்பில் விழுந்தால் நாலு நொடி.
‘டொக்டர் என்ன சொன்னவர் எண்டால்’ என்பதற்கும்
‘சரி, வையுங்கோ’ என்பதற்கும் இடையில்
நாலு நொடி போதும்.

பியேர்-லுக்கின் செய்தி வந்தது, அவருக்கும் தூக்கமில்லை.
ஏழு முறை வந்ததே, அதைப் போடு,
விற்பனைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எண் போதும்.
வாங்க ஒரு கொத்து, விற்க ஒரு கொத்து என்று
அவருக்கு எந்த மொழியில் சொல்வது.
பதில் போடவில்லை.

பக்கத்துக் குடித்தனத்தைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
பேஸ்மென்டில் இருப்பவளுக்கு அப்படித்தான் தோன்றும்:
மேலே பிரதாயினி வீட்டில் நள்ளிரவில்
துணி உலர்த்தும் மெஷின் போட்டால்
கீழே என் விளக்கு மங்கும்.
ஐந்தையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன்.
அவை பாவம்.

பிறகுதான் நேரத்தைப் பார்த்தேன்.
ஒன்று பதினைந்து.
ஒன்று நாற்பத்தைந்து.
இரண்டு முப்பது.
கால் மணிக்கு ஒருமுறை எழுந்து
பெட்டி நலமா என்று பார்க்கும் சின்ன நிரல்,
அதே கோரில், அதே கணத்தில்.
நாங்களே வைத்தது.
நாடி பிடிக்க வந்த கை
கழுத்தைக் கொஞ்சம் அழுத்திவிட்டது.

அதை நிறுத்தினேன். பத்துக்குப் பத்து.
ஓர் அழகான எண்,
நாளை காலை பெரிய எழுத்தில் திரையில் ஏறக்கூடியது.
ஆனால் ரெஜைனாவில் இதை வாங்கிப் பூட்டுகிறவர்
நாடி பார்க்காமலா விடுவார்?

இரண்டு வரிசை எழுதினேன்.
காவல் இல்லாமல்: அறுபத்திரண்டரை.
காவலோடு: ஐம்பத்தாறே கால்.
கீழே, யாரும் படிக்காத இடத்தில்,
எந்தக் கோர் யாருக்கு, எந்த நினைவகம் எந்தப் பக்கம்,
பயாஸின் தேதி, கேபிளின் நீளம்,
அறை வெப்பம் பத்தொன்பது.
வெளி வெப்பத்துக்குப் பத்தி இல்லை.
அனுப்பியபோது நாலே முக்கால்.

மஃபினைத் தின்றது நான்தான்.
அதையும் எங்காவது பதிய வேண்டும்.

கார் மைனஸ் இருபத்தாறில் நின்றிருந்தது.
சாவியைத் திருப்பினேன், பிடிக்கவில்லை.
இரண்டாம் முறை பிடித்தது.
பத்து முறை ஓட்டிப் பார்க்க
எனக்குத் தெம்பில்லை.