சிங்கமலைச் சுரங்கத்தில் நிற்பவன்

முதல் பாகம் பதுளை ரயிலில் கிடந்தது.
மூன்றாம் வகுப்பு, ஜன்னலோரம்,
யாரோ ஒரு வெள்ளைக்காரி மறந்துபோனது.
நாற்பத்தோராம் பக்கத்தில் நானுஓயா டிக்கட்.
அவள் நிறுத்திய இடத்திலிருந்தே
வாசிக்கத் தொடங்கினேன்.
அதனால் ஓர்வெக் எனக்கு எப்போதும்
ஏற்கெனவே காயப்பட்டவன்.

பதினொரு பாகம். பதினான்கு வருஷம்.
எனக்கு இங்கிலீஷ் தந்தது பள்ளிக்கூடமல்ல,
டிராம் பணிமனையில் இரவுக் காவல் பார்த்த
ஒரு பிசாசு.

அந்த நகரத்தை நான் பார்த்ததில்லை.
ஆகவே எல்லாரையும் ஹட்டனில் குடிவைத்தேன்.
பாதாள ரயில் என்று எழுதியிருந்தால்
சிங்கமலைச் சுரங்கம்.
நீரில் மூழ்கிய தேவாலயம் என்றால்
மவுசாக்கலை வற்றும்போது
சேற்றிலிருந்து எழும்பும் பழைய மஸ்கெலியாக் கோயில்.
சிறகை அடகுவைத்த தெமீரா
பூட்டுத் திறக்கும் கடை நடத்தினாள்;
அதை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
குடை தைக்கிறவருக்கும் சிம் விற்கிறவனுக்கும் நடுவே
இருந்த அரையடியில் செருகினேன்.
ஓர்வெக்குக்கு அதிகம் யோசிக்கவில்லை.
எங்கள் தோட்டத்து ஃபெக்டரியில் ரோதைமுனி உண்டு,
சுருட்டும் சாராயமும் கேட்பார்,
சக்கரத்தில் யார் கையும் சிக்காமல் பார்த்துக்கொள்வார்.
இரும்புக்குக் காவல் நிற்கும் பிசாசு
எங்களுக்குப் புதிதா என்ன.
(அப்பா முன்னால் பிசாசு என்று சொல்லக் கூடாது. சாமி.)

டிக்கோயா ஆஸ்பத்திரியில் எனக்கு எக்ஸ்ரே அறை.
இரவு வேலையில் பெர்னடெற்றும் நானும்
ஒரே புத்தகத்தை நடுவில் கிழித்துப் பங்கு போட்டோம்.
ஏழாம் பாகம் இன்னும் இரண்டு துண்டுதான்.
தேவதை என்று சொல்லமாட்டாள் அவள், சம்மனசு என்பாள்.
ஏணியிலிருந்து விழுந்தவர்,
புருஷன் தள்ளியதை "வழுக்கிட்டேன்" என்றவள்,
யாருடைய தோள்பட்டைப் படமானாலும்
வெளிச்சத்தில் பிடித்து,
"சம்மனசா?"
"இல்ல, கொழுந்துக்காரி."
சிரிக்கக் கூடாத நேரம். சிரித்தோம்.

பிறகு அவள் சைப்ரஸுக்குப் போனாள்,
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்ட.

கடைசிப் பாகம் போன மாசம் வந்தது.
கடைசிப் பதினெட்டுப் பக்கத்துக்கு ரப்பர் பட்டி போட்டு
மருந்து ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்தேன்.
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
படம் எடுக்க முடியாது. வேறு சாக்கும் இல்லை.

ஓர்வெக் பாலத்தில் நடந்துபோகிறான்.
செத்தான் என்று எழுதவில்லை.
அக்கரை சேர்ந்தான் என்றும் எழுதவில்லை.
பனி என்று எழுதியிருக்கிறது,
அதற்குப் பிறகு வெறும் தாள்.

எழுதியவருக்கு எங்கள் பனி தெரியாது.
நாலு மணிக்கு இறங்கி
மீன்கடை போர்டை விழுங்கும்,
ஏழு மணிக்குள் "தலபத்" மறுபடி தெரியும்,
பிறகு விலையும்.

முடிச்சிட்டியா, என்று பெர்னடெற் கேட்டாள்.
இல்ல, என்று அனுப்பினேன். நீ?
இன்னும் நாலு அத்தியாயம்.
கொஞ்சம் கழித்து, அங்கே நடுச்சாமம் இருக்கும்,
ஆனா அவன் ஏன்டி சாவிய ஆத்துல போட்டான்?

சாவி கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது.

நான் எதுவும் கேட்கவில்லை.
ஒரு வாரமாக இரண்டு பேரும்
அந்த நாலு அத்தியாயத்தை
வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று காலை வேலை முடிந்து கொட்டகலைக்கு ரயிலேறினேன்.
சுரங்கம் வந்ததும் பொடியன்கள் வழக்கம்போல் கூச்சல்.
நானும் போட்டதுண்டு. இன்று போடவில்லை.
ஈரச் சுவரோடு ஒட்டி
டோர்ச்சைத் தாழ்த்திப் பிடித்தபடி
எங்களுக்கு வழிவிட்டு நின்றான் ஓர்வெக்.
அவனுக்கு இன்னும் தகவல் வரவில்லை.
நான் சொல்லப்போவதுமில்லை.