பதினேழாம் எண் குப்பி

இன்றைக்கு என்ன வெடித்தது என்று
ஒவ்வொரு செவ்வாயும் கேட்பான் மகன்,
நெற்றியில் கண்ணாடிப் பட்டை பதித்த கோட்டைப் பார்த்து.
ஒன்றும் வெடிக்கவில்லை.
பனிக்கட்டி உருகியது.
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்,
முப்பது வினாடிக்கு ஒரு முறை,
மூன்று மணி நேரம்.

மினசோட்டாவின் வடகோடி, ஏரிக்கரைக் கல்லூரி,
வேதியியல் நூற்றொன்று.
செவிலியர் படிப்புக்கு இது தாண்டவேண்டிய வாசற்படி.
எனக்கு நாற்பத்து மூன்று வயது.
கூட்டாளி டேவினுக்குப் பத்தொன்பது;
ஹாக்கியில் ஒடிந்த சுண்டுவிரலில் கட்டு.
கணக்கில் புலி,
குழாய் கழுவச் சொன்னால் பூனை.

முதல் நாளே சொல்லிவிட்டார் ஷுபிரிங்:
பேனாவால் எழுதுங்கள். அழிக்கக் கூடாது.
தவறென்றால் ஒற்றைக் கோடு,
பக்கத்தில் பெயரின் முதலெழுத்து.
அடித்தது என்னவென்று
அடியில் தெரிய வேண்டும்.

மற்ற இரவுகளில் நான்
மாவட்டத்தின் பனிவாரி வண்டி ஓட்டுகிறேன்.
பதினான்கு குளிர்காலம்.
முன்னால் கலப்பை, பின்னால் சுழல்தட்டு விசிறும் உப்பு.
உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிப்பார்.
சாலையும் அப்படித்தான்,
தின்ற இடமெல்லாம் கறுத்து, கசிந்து,
விடியுமுன் தார் தெரியும்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.
நானும்.

கரைந்தால் சாதா உப்பு இரண்டாகப் பிரியும்
என்றார் ஷுபிரிங். சில உப்பு மூன்றாக.
பிரிந்தவை பெருகப் பெருக
உறைநிலை கீழிறங்கும்.
எத்தனை துண்டு என்பதுதான் கணக்கு,
எதன் துண்டு என்பதல்ல.
என் பேனா நின்றுவிட்டது.
என் வீடும் மூன்றாகப் பிரிந்த ஒன்று
என்று எழுத வந்தது.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு அந்தக் குப்பி.
வெள்ளைத் துகள், பெயரில்லை,
பதினேழு என்ற எண் மட்டும்.
பட்டியலில் நான்கு பெயர்; எது என்று சொல்ல வேண்டும்.
நீரில் கொட்டியதும்
கண்ணாடி தாண்டி, கையுறை தாண்டி
வந்தது ஒரு சூடு,
தூங்கும் நாயின் வயிறு போல.

எனக்குத் தெரியும் இந்த ஆளை.
சாதா உப்பு சாலையில் மணலாய்க் கிடக்கும்
கொடுங்குளிரில் நாங்கள் கூப்பிடும் ஆள்.
ஒருமுறை, கிழிந்த உறையோடு மூட்டை தூக்கி,
ஈரக்கையில் ஒட்டிக்கொண்டதை உடனே கழுவாமல்
இரண்டு விரலில் தோல் உரிந்தது.

"கால்சியம் குளோரைடு" என்றேன்.
"இன்னும் அளக்கவே ஆரம்பிக்கலையே" என்றான் டேவின்.
ஷுபிரிங் குப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இருக்கலாம். ஆனால் மதிப்பெண்
தெரிந்ததற்கு அல்ல,
தெரிந்துகொண்டதற்கு."

அளந்தோம். கலக்கினோம். எழுதினோம்.
நான்கு புள்ளி ஒன்றை மைனஸ் போடாமல் எழுதி
அடித்தேன், ஒற்றைக் கோடு, கோ. ஹா.
கடைசியில் கணக்கு சொன்னது:
மூன்று துண்டு வரவேண்டிய இடத்தில்
இரண்டு புள்ளி ஆறு.

"யாரும் இரண்டு புள்ளி ஆறாகப் பிரிய மாட்டாங்க"
என்று சிரித்தான் டேவின்.
பிரிவதுண்டு, என்றேன்.

பிழைக்குக் காரணம் எழுத நான்கு வரி.
மனிதப் பிழை என்று மட்டும் எழுதாதீர்கள்,
அது காரணமே அல்ல, என்று போனவாரம் திட்டு வாங்கியிருந்தோம்.
பனிக்கட்டியில் ஒட்டியிருந்த நீர், என்று எழுதினேன்.
வெப்பமானி குழாய்ச் சுவரைத் தொட்டது, என்று எழுதினேன்.
நாலாவது வரி காலி.

அதிகாலை இரண்டு மணி. வண்டியில் ஏறினேன்.
தாது ரயில் கடக்கும் மேம்பாலத்தில்
பழைய பனி கண்ணாடியாய் இறுகிக் கிடந்தது.
இறங்கி, பதிவேட்டில் நேரம் எழுதி
குளிரை எழுதினேன்: மைனஸ் இருபத்திரண்டு.
எழுதிய பிறகுதான் உறைத்தது.
இங்கே எல்லோரும் பாரன்ஹீட்.
ஒரே கோடு. மைனஸ் எட்டு. கோ. ஹா.
காலையில் கிடங்கு ஆள் பார்த்துவிட்டு
எவள் இவள் என்பான்.

தட்டு சுழன்றது.
பாலத்தின் மறுகரையில் வண்டியை ஓரங்கட்டி
விளக்கைப் பின்பக்கம் திருப்பினேன்.
முப்பது வினாடி.
இன்னும் ஒன்றுமில்லை.
இன்னொரு முப்பது.