இல்

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜில்
இரவுக் கவுன்டர் என்னுடையது.
சாவிப் பலகைக்குக் கீழே
நாற்பது பக்க நோட்டில் பிரெஞ்சு.
பாடம் ஏழு வரை வந்திருக்கிறேன்.

ஜே ஃபேன்.
மேலே கிறீச்சிட்டுச் சுற்றுவது அல்ல, பசி.
நமக்குப் பசி எடுக்கும், வயிற்றைக் கிள்ளும்.
அவர்கள் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள்
சில்லறை மாதிரி.
தூக்கத்தையும், பயத்தையும்கூட.

மேசை பெண். கட்டில் ஆண். சாவி பெண்.
வாட்ச்மேன் சோணைமுத்து கேட்டார்,
"கொசுவத்தி?"
நோட்டில் இல்லை.

தொண்ணூற்று நாலு ரூபாய் சலவை பில்லை
நாலு-இருபது-பதினாலு என்று சொல்லி முடிப்பதற்குள்
பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்து நின்றுவிடும்.
சிரிக்கக் கூடாது.
நம் தொண்ணூறுக்குள் நூறு எப்படி நுழைந்தது
என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்?

இல்லை என்பதற்கு இரண்டு சொல்,
வினைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் ஏட்டுகள்போல.

ஏழில்தான் நின்றுவிட்டேன்.
இல் ஏ பார்த்தி.
இல் என்றால் நமக்கு வீடு,
பழந்தமிழில் இல்லாமையும் அதுவே.
அங்கே அது ஓர் ஆண்.
போனது அவனா அவரா,
பிரெஞ்சு கேட்பதில்லை.

ஆறு வருஷமாக
கடைசி எழுத்துக்குத்தான் சண்டை.
மாமியாரிடம் "போயிட்டாரு".
தங்கை பேச்சியம்மா விடமாட்டாள்,
"போயிட்டான்னு சொல்லுடி."
ரேஷன் கார்டில் இன்னும் குடும்பத் தலைவர்.
கேஸ் சிலிண்டர் பையனிடம்
"ஆளு இல்ல" என்று முடித்துக்கொள்வேன்.

இன்று விடிகாலை
இருநூற்று நாலாம் அறை மதாம் கொலெத்
கோயிலுக்குப் போக இறங்கிவந்து
ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிறையும்வரை நின்றார்.
உங்கள் கணவர்? என்றார், மெதுவாக,
எனக்குப் புரிய வேண்டுமே என்று.

இல் ஏ பார்த்தி.

மரியாதை ஒட்டாமல், வசவும் ஒட்டாமல்
முதல் தடவை
முழு வாக்கியமாக வெளியே வந்தது.
தொண்டையில் முள் இல்லை.

வேலைக்கா, நல்லது. எத்தனை மணிக்கு?

ஆறு எனக்குத் தெரியும். சீஸ்.
வருஷம் பதினொன்றாம் பாடத்தில் இருக்கிறது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஐந்து இருபது.
நேற்றுச் சாயங்காலம் ஆறு என்று
கணக்குப் போட்டிருக்க வேண்டும்.
அப்படியானால் திரும்பும் நேரம்தான் என்று
தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்,
ஃபிளாஸ்க்கை மறந்து.

சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன்.
ஆணி என்ன பால் என்று
இன்னும் பார்க்கவில்லை.